எல்லாவற்றையும் கலந்தும் பயிர் ஏன் வெளுத்தது?

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து மானாவாரி விவசாயி ஒருவர் நான்கு பக்கங்களுக்கு விரிவாக எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு நான்கு ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. புரட்டாசி மழையை நம்பி மக்காச்சோளம் விதைக்கிறார். இரண்டு பசு, ஓர் எருமை. ஆண்டுக்கு ஆறு டன் அளவுக்குத் தொழு உரம் சேர்கிறது. உரச் செலவைக் குறைக்க எண்ணியவர், ஒரு டன் தொழு உரத்தை வேறு சத்துகள் சேர்த்து ஊட்டமேற்றினால் அது ஒரு மூட்டை டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்துக்குச் சமம் என்று கைபேசியில் பார்த்த காணொளியை நம்பி, சென்ற பருவத்தில் புளியமரத்தடியில் ஒரு குவியல் போட்டிருக்கிறார். இரண்டு டன் அரைகுறையாக மக்கிய குப்பை, நறுக்கிய சோளத்தட்டை, பாறையைப் பொடித்துச் செய்யும் ராக் பாஸ்பேட் 150 கிலோ, ஒரு மூட்டை யூரியா, பத்துக் கூடை அடுப்புச் சாம்பல், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்னும் உயிர் உரப் பொட்டலங்கள் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் கலந்து தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார். மூன்றாம் நாள் தார்ப்பாயைத் தூக்கியபோது கண் எரியும் அளவுக்கு நெடி வந்திருக்கிறது. வீரியம் ஏறுகிறது என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள், குவியல் இன்னும் சூடாக இருந்தபோதே அள்ளி நான்கு ஏக்கருக்கும் இறைத்து விதைத்துவிட்டார். அவற்றில் ஒரு ஏக்கருக்கு மட்டும் "ஊட்டமேற்றிய இயற்கை உரம்" என்று ஒரு முகவர் விற்ற குருணை மூட்டைகளையும் போட்டிருக்கிறார். வேறு உரம் எதுவும் இடவில்லை.

இருபத்தைந்தாம் நாளில் அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பை ஒட்டி உள்நோக்கி மஞ்சளாயின. குருத்து இலைகளில் நரம்பின் இருபுறமும் வெளிறிய பட்டைகள் தெரிந்தன. பக்கத்து வயலில் ஏக்கருக்கு 25 மூட்டை வந்தபோது இவருக்கு 14 மூட்டைதான் வந்தது. "காசைச் சாம்பலில் கொட்டினாய்" என்று தந்தை கடிந்துகொண்டாராம். மண்வள அட்டையின் படியையும் இணைத்திருக்கிறார். தவறு எங்கே நடந்தது, சரியான முறை என்ன, இந்த உரத்தைப் போட்ட விளைச்சலை இயற்கை விளைபொருள் என்று சான்று பெற்று விற்கலாமா, குருணை விற்றவர்மீது நடவடிக்கை எடுக்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் தந்தையார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் தொழு உரத்தை ஊட்டமேற்றுவது என்ற முறையே வீண் என்ற முடிவுக்குத் தாங்கள் வந்துவிட வேண்டாம். குப்பை குறைவாகவும் மழை நிச்சயமில்லாமலும் இருக்கும் தங்களைப் போன்ற மானாவாரி விவசாயிக்குத்தான் அந்த முறை மிகவும் பொருந்தும். தாங்கள் செய்தது அந்த முறையன்று என்பதே சிக்கல்.

முதலில் அந்த டிஏபி கணக்கைப் பார்த்துவிடுவோம். நன்கு மக்கிய தொழு உரத்தில் ஏறத்தாழ 0.5 சதவீதம் தழைச்சத்தும் (நைட்ரஜன்), 0.2 முதல் 0.3 சதவீதம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), 0.5 சதவீதம் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இருக்கும். ஒரு டன்னுக்கு 5 கிலோ தழைச்சத்து, 2 அல்லது 3 கிலோ மணிச்சத்து என்று கொள்ளலாம். 50 கிலோ டிஏபி மூட்டையிலோ 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் உண்டு. எந்த நுண்ணுயிரைத் தெளித்தாலும் குவியலில் இல்லாத மணிச்சத்து புதிதாகப் பிறக்காது. ஊட்டமேற்றுவது என்றால், வெளியிலிருந்து சேர்க்கும் சத்து மண்ணில் கட்டுண்டு போகாமல் வேருக்குக் கிடைக்கும்படி மக்கிய எருவோடு பிணைத்துத் தருவதுதான்.

இப்போது தங்கள் வயலின் கணக்குக்கு வருவோம். மக்காச்சோளம் ஒரு டன் மணி தருவதற்குச் செடி முழுவதுமாக 20 முதல் 25 கிலோ தழைச்சத்தை எடுக்கும். ஏக்கருக்கு இரண்டு டன் எதிர்பார்த்தால் 40 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். தாங்கள் இறைத்த குப்பை ஏக்கருக்கு அரை டன். அதில் இருப்பது இரண்டரைக் கிலோ, அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு அளவே. 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. நான்கு ஏக்கருக்குப் பிரித்தால், ஒரு துளி வீணாகாமல் இருந்திருந்தாலும்கூட, ஏக்கருக்கு 5 கிலோ. மண்வள அட்டையில் கரிமச்சத்து 0.38 சதவீதம் என்றிருப்பதால் மண்ணும் பெரிதாகக் கைகொடுக்காது. குவியலில் நடந்த தவறுகளைப் பேசுவதற்கு முன்பே பயிரின் பசி இந்தக் கணக்கில் தெரிந்துவிடுகிறது.

அந்த 5 கிலோவும் முழுதாக வயலுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் தங்கள் கண்ணை எரித்தது அம்மோனியா. சாணத்தில் உள்ள நொதி யூரியாவைச் சில நாட்களிலேயே அம்மோனியாவாக உடைத்துவிடும். சாம்பலின் காரத்தன்மையும் குவியலின் சூடும் அதை வாயுவாக விரட்டிவிடும். வீரியம் ஏறுவதாகத் தாங்கள் எண்ணிய அந்த நெடி, தங்கள் தழைச்சத்து தார்ப்பாயின் ஓரங்கள் வழியே வெளியேறிக்கொண்டிருந்ததன் வாசனை. மக்கிய குப்பையோடு யூரியாவைக் கலப்பதே தேவையில்லாதது. தென்னை நார்க்கழிவைப் போல மக்க மறுக்கும் பொருளுக்கு, ஒரு டன்னுக்கு 5 கிலோ என்ற சிறிய அளவில், நுண்ணுயிர்களுக்கு உணவாக யூரியா தருவதுண்டு. அது வேறு நோக்கம். தொழு உரத்துக்குப் பொருந்தாது.

நறுக்கிய தட்டை இன்னொரு பக்கம் இழுத்திருக்கிறது. சோளத்தட்டையில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. மக்காத தட்டை மண்ணுக்குள் போனால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பிறகு அவை மடியும்போது அது திரும்பக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நூறு நாள் பயிருக்கு முதல் மாதத்துப் பட்டினியை யாரும் ஈடுசெய்ய முடியாது. பன்னிரண்டாம் நாளில் குவியல் சூடாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது மக்கல் தொடங்கிய அடையாளமே தவிர முடிந்த அடையாளமன்று. மக்கிய எருவை அள்ளினால் கை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். தட்டையின் கணு தெரியக்கூடாது. முதல் மழையில் எழும் மண்வாசனை வர வேண்டும்.

இலைகளில் தெரிந்த அடையாளங்கள் இரண்டும் வெவ்வேறானவை. அடி இலையின் நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியே ஆங்கில வி எழுத்தைப் போல உள்ளே இறங்கும் மஞ்சள், தழைச்சத்துப் பற்றாக்குறை. செடி தன் முதிய இலையிலிருந்து சத்தை உருவி இளம் இலைக்குக் கொடுப்பதால் மஞ்சள் அடியில் தோன்றுகிறது. குருத்தில், நடு நரம்புக்கு இருபுறமும், இலையின் அடிப்பாதியில் தெரிந்த வெளிறிய பட்டைகள் துத்தநாகப் பற்றாக்குறை. தங்கள் அட்டையில் துத்தநாகம் 0.5 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அரைப் பங்கு, என்று குறைவாக இருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இது எதிர்பார்க்கக்கூடியதே. இவ்வளவு கலந்தவர், மண் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு பொருளைக் கலக்கவில்லை.

ராக் பாஸ்பேட்டும் சாம்பலும்

ராக் பாஸ்பேட் கெட்ட உரமன்று. புளிப்பு மண்ணில், அதாவது நீலகிரித் தேயிலைத் தோட்டங்களைப் போன்ற இடங்களில், மண்ணின் அமிலமே அதைக் கரைத்துப் பயிருக்குக் கொடுக்கும். தங்கள் மண்ணின் கார அமில நிலை 8.3, அதாவது காரத்தன்மை உள்ளது; அங்கே அது கல்லாகவே கிடக்கும். நன்றாகப் பொடித்து எருவோடு பல வாரங்கள் மக்கவைத்தால் ஓரளவு கரையும் என்பதும் உண்மை. ஆனால் பன்னிரண்டு நாளில், சாம்பல் கலந்த காரக் குவியலில், அது நடக்க வழியில்லை. சாம்பலைப் பொறுத்தவரை, அது தருவது சாம்பல்சத்தும் சுண்ணாம்பும். தங்கள் கரிசலில் இரண்டுமே ஏற்கெனவே மிகுதியாக இருப்பதாக அட்டை சொல்கிறது. இனி அந்தப் பத்துக் கூடை பாத்திரம் துலக்கவே இருக்கட்டும்.

உயிர் உரங்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். உயிருள்ள பாக்டீரியாவை அம்மோனியா நெடியிலும் குவியலின் சூட்டிலும் போட்டால் என்ன மிஞ்சும்?

அடுத்த பருவத்துக்குச் செய்ய வேண்டியது

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரிப் பயிர்களுக்குப் பரிந்துரைக்கும் முறை எளிமையானது. எக்டேருக்கு 750 கிலோ, அதாவது ஏக்கருக்கு 300 கிலோ, நன்கு மக்கிய தொழு உரத்தில் பயிருக்குரிய மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாகக் கலந்து, மூட்டம் போட்டு ஒரு மாதம் வைத்திருந்து விதைக்கும்போது இட வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதவீதம் மணிச்சத்து இருக்கிறது, அதில் பெரும்பகுதி நீரில் கரையும் வடிவில். கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் உடன் கிடைக்கும். அதை நேராகக் கரிசலில் போட்டால் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். எருவில் ஒரு மாதம் ஊறியபின் அங்ககப் பொருட்களோடு சேர்ந்து வருவதால் பிடிபடுவது குறைகிறது. அதன் புளிப்புத் தன்மை எருவிலுள்ள அம்மோனியாவையும் பிடித்து நிறுத்துகிறது. சாம்பல் செய்த வேலைக்கு நேர் எதிரான வேலை இது.

ஆவணி முதல் வாரத்தில் தொடங்கினால் புரட்டாசி விதைப்புக்குச் சரியாக இருக்கும். நான்கு ஏக்கருக்கு 1,200 கிலோ எருவைக் கட்டி உடைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு இரண்டு மூட்டை, அதாவது 100 கிலோ சூப்பர் பாஸ்பேட் என்றால் 16 கிலோ மணிச்சத்து. தங்கள் மண்ணில் மணிச்சத்து குறைவு என்றிருப்பதால் இந்த அளவை ஒரு தொடக்கமாகக் கொண்டு, வட்டார வேளாண்மை அலுவலரிடம் அட்டையைக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். நிழலில் எருவும் உரமுமாக அடுக்கி, தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. பிறகு மண்ணும் சாணமும் குழைத்து மேலே மெழுகிவிட்டால் தார்ப்பாய் தேவையில்லை. மெழுகில் வெடிப்பு விழுந்தால் அவ்வப்போது பூசுங்கள்.

துத்தநாகத்துக்குத் தனிக் குவியல் வேண்டும். துத்தநாக சல்பேட்டைச் சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்த்தால் இரண்டும் பிணைந்து கரையாத பொருளாகிவிடும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை அதைப்போல் பத்து மடங்கு எருவில் கலந்து, ஈரப்பதத்தோடு நிழலில் ஒரு மாதம் வைத்திருந்து இடலாம். அதையும் மீறிக் குருத்தில் பட்டை தெரிந்தால், 0.5 சதவீத துத்தநாக சல்பேட் கரைசலைச் சுண்ணாம்புத் தெளிநீர் சேர்த்து இலைமேல் தெளிக்கலாம்.

உயிர் உரத்தை இந்த இரண்டு குவியல்களின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஏக்கருக்கு அசோஸ்பைரில்லம் நான்கு பொட்டலம், பாஸ்போபாக்டீரியா நான்கு பொட்டலம் எடுத்து, பத்துக் கிலோ எருவும் பத்துக் கிலோ மண்ணும் கலந்து, விதைக்கும் நாளில், ஈரமுள்ள மண்ணில், வெயில் தாழ்ந்தபின் தூவுங்கள். பொட்டலத்தில் காலாவதி நாளைப் பார்த்து வாங்குங்கள். கடையின் தகரக் கூரைக்கடியில் கோடை முழுவதும் கிடந்த பொட்டலத்தில் உயிர் இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

தழைச்சத்தை எந்தக் குவியலிலும் ஏற்ற வேண்டாம். அது மேலுரமாக, 25ஆம் நாளிலும் 45ஆம் நாளிலும், மழை ஈரம் இருக்கும்போது செடிக்கு ஓரமாக இட்டு மண்ணால் மூடப்பட வேண்டியது. மழை பொய்த்தால் இரண்டாவது தவணையை நிறுத்திக்கொள்ளும் வசதியும் இதில் இருக்கிறது. மொத்தத்தையும் அடியுரமாகப் போட்டவருக்கு அந்த வசதி இல்லை. யூரியாவில் வேப்பம்புண்ணாக்கு கலக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது கிடைக்கும் மானிய யூரியா பெரும்பாலும் வேம்பு பூசியே வருவதால், அதற்கென்று தனியே செலவு செய்ய வேண்டியதில்லை.

ஊட்டமேற்றம் தொழுவத்திலேயே தொடங்குகிறது

தங்களிடம் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதி சாணத்தில் இல்லை, கோமியத்தில் இருக்கிறது. மண் தரைத் தொழுவத்தில் அது அப்படியே ஊறிப்போகிறது. காணொளிகள் சொல்லும் பொருட்களுக்குக் கொடுக்கும் பணத்தைவிட, அந்தக் கோமியத்தைப் பிடித்து நிறுத்துவது அதிகப் பலன் தரும். தாங்கள் குவியலில் கலந்து கெடுத்த அதே தட்டையை நறுக்கி இரவில் மாட்டுக்கு அடியில் பரப்புங்கள். காலையில் கோமியம் ஊறிய தட்டையையும் சாணத்தையும் சேர்த்து வாரி எருக்குழியில் தள்ளுங்கள். 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் குழி வெட்டி, ஒரு பக்கத்திலிருந்து பகுதி பகுதியாக நிரப்பி, தரைக்கு மேல் ஒரு முழம் உயர்ந்ததும் மண் மெழுகி மூடிக்கொண்டே போகலாம். நான்கைந்து மாதத்தில் எரு தயாராகும். வெட்டவெளியில் வெயில் காய்ந்து மழையில் கரைந்த குப்பைமேட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை, அள்ளும்போதே நிறத்தில் காண்பீர்கள்.

தங்களிடம் ஆண்டுக்குக் கிடைக்கும் ஆறு டன்னில் ஊட்டமேற்றுவதற்கும் துத்தநாகத்துக்கும் போக நான்கு டன்னுக்கு மேல் மிஞ்சும். அதை நான்கு ஏக்கருக்கும் தூவித் தீர்க்காமல், ஆண்டுக்கு ஓர் ஏக்கர் என்று முறைவைத்து இடுங்கள். எக்டேருக்கு 12.5 டன், அதாவது ஏக்கருக்கு 5 டன் என்ற பரிந்துரையை அந்த ஓர் ஏக்கர் ஓரளவு எட்டும். நான்காண்டில் சுற்று முடியும். கரிமச்சத்து உயர வேண்டுமானால் இதுவே வழி. ஏக்கருக்கு 300 கிலோ ஊட்டமேற்றிய எரு சத்தைக் கொண்டுசேர்க்குமே தவிர மண்ணின் கரிமத்தை உயர்த்தப் போதாது.

சான்று பற்றி

மேலே சொன்ன முறையில் விளைந்த மக்காச்சோளத்தை இயற்கை விளைபொருள் என்று விற்க முடியாது. சூப்பர் பாஸ்பேட்டும் யூரியாவும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் தரநெறிகளில் அனுமதிக்கப்படாதவை. எருவோடு கலந்ததால் அவை அங்கக உரமாகிவிடுவதில்லை. இது ஒருங்கிணைந்த உர மேலாண்மை. நாணயமான முறைதான், ஆனால் அதன் பெயர் வேறு. சான்று வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவுசெய்து, ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு மாறுதல் காலத்தைக் கடக்க வேண்டும். அந்தக் காலத்தில் விளைச்சல் குறையவும் கூடும். முழு விலையும் கிடைக்காது.

தங்கள் பகுதி மக்காச்சோளத்தில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது என்பது தங்களுக்குத் தெரியாததன்று. தீவன ஆலை ஈரப்பதத்தையும் பூஞ்சையையும் பார்க்குமே தவிர, சான்றுக்காகக் கூடுதல் விலை தராது. ஆகவே மக்காச்சோளத்துக்குச் சான்று பெறுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆர்வம் உண்மையாக இருந்தால் ஓர் ஏக்கரில் வரகு, எள், உளுந்து போன்று வீடுகளில் வாங்கி உண்ணும் பயிர்களைத் தொடங்குங்கள். பக்கத்து நிலத்து உரமும் மருந்தும் வந்துசேராத இடமாகப் பார்த்து, ஒரே பண்ணையில் இருவகைச் சாகுபடி நடப்பதைத் துறையினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே மணிச்சத்துக்குப் புண்ணாக்கும் எருவும், தழைச்சத்துக்குப் பயறு வகைகளும்தான் துணை.

குருணை மூட்டை பற்றி

அங்கக உரங்களும் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருபவை. மூட்டையில் தயாரிப்பாளர், உரத்தின் பெயர், சத்துகளின் அளவு, நிகர எடை ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். விற்பவருக்கு அதற்கான அனுமதி இருக்க வேண்டும். தாங்கள் அனுப்பிய புகைப்படத்தில் சத்து அளவே காணப்படவில்லை. வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். உர ஆய்வாளர், விற்பனையாளரிடம் உள்ள பிரிக்கப்படாத மூட்டையிலிருந்து மாதிரி எடுத்தால்தான் அது செல்லும். தங்கள் வீட்டில் பாதி தீர்ந்த மூட்டை சாட்சியாகாது.

இழப்பீடு கேட்பது வேறு. இடுபொருள் வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்பதை உச்ச நீதிமன்றம் 2012இல் விதை தொடர்பான வழக்கொன்றில் தெளிவுபடுத்தியிருக்கிறது; இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஆனால் விளைச்சல் குறைந்ததற்கு அந்தக் குருணைதான் காரணம் என்று தாங்கள் மெய்ப்பிக்க வேண்டும். குருணை போடாத மூன்று ஏக்கரிலும் அதே பதினான்கு மூட்டைதான் வந்தது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். மூட்டைக்குக் கொடுத்த விலையைத் திரும்பக் கேட்பதற்கு ரசீது போதும். விளைச்சல் இழப்புக்கு வழக்கு நிற்கும் என்று நான் எண்ணவில்லை. சட்ட விவரங்களை ஒரு வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்த முறை விதைக்கும்போது, வயலின் நடுவில் நான்கு சாலுக்கு மட்டும் ஊட்டமேற்றிய எருவைப் போடாமல், அதே அளவு சூப்பர் பாஸ்பேட்டைத் தனியாகவும் எருவைத் தனியாகவும் இட்டு, இரு முனையிலும் குச்சி நட்டு வையுங்கள். மேலுரத்தில் வேறுபாடு வேண்டாம். தை மாதத்தில் அந்த நான்கு சாலின் கதிரையும் பக்கத்து நான்கு சாலின் கதிரையும் தனித்தனியே அடித்து நிறுத்து, இரண்டு எடைகளையும் எனக்கு எழுதுங்கள். தங்கள் தந்தையாரையே தராசுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிடுங்கள்.